எழுதிய வரி மறுநாள் காணாமல் போவது ஏன்?

காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் வாசகி கேட்கிறார்: "கடையின் பழைய கம்ப்யூட்டரில் டைனி கோர் லினக்ஸ் என்ற சின்ன இயங்குதளம் போட்டிருக்கிறோம். காலையில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான கப்ஸ் தானாகத் தொடங்கணும், இரவு அணைக்கும்போது பில் கணக்கு பென் டிரைவில் ஏறணும். இரண்டுக்கும் கட்டளை எழுதினேன். மறுநாள் பார்த்தால் எழுதின வரியே இல்லை. ஆச்சி கணக்கு கேட்கிறார்கள். என்ன செய்வது?"

டைனி கோர் முழுவதும் ரேமில் ஓடுகிறது. அணைத்ததும் ரேம் காலி, உங்கள் வரியும் அதோடு போய்விட்டது. வரியை எழுதி முடித்ததும் டெர்மினலில் 'ஃபைல்டூல்.எஸ்ஹெச்' கட்டளையை 'மைனஸ் பி' சேர்த்து ஓட்டுங்கள். ஆப்ட், ஹோம் இரண்டு ஃபோல்டரும் 'மைடேட்டா' என்ற பொதியாக டிஸ்க்கில் ஏறும். அடுத்த முறை அதிலிருந்தே திரும்ப வரும். கப்ஸின் அமைப்பு இந்த இரண்டிலும் இல்லை. அது இருக்கும் ஃபோல்டரை, முதல் சாய்கோடு இல்லாமல், ஆப்டில் உள்ள, பெயர் புள்ளியில் தொடங்கும் '.ஃபைல்டூல்.எல்எஸ்டி' பட்டியலில் சேருங்கள். இல்லையென்றால் தினமும் பிரிண்டரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கப்ஸைத் தொடங்கும் வரிக்கு இடம் ஆப்டில் உள்ள 'பூட்லோக்கல்'. பக்கத்திலேயே இருக்கும் 'பூட்சிங்க்'கில் போடாதீர்கள். அது முடியும்வரை கம்ப்யூட்டர் காத்து நிற்கும், பூட்லோக்கல் பின்னணியில் ஓடும். இரண்டும் உங்கள் பெயரில் அல்ல, ரூட் என்ற நிர்வாகி பெயரில் ஓடுவதால் ஹோமுக்கு அலைக்குறி (~) போடாமல் முழுப் பாதையை எழுதுங்கள். பில் ஜன்னலும் தானாகத் திறக்க வேண்டுமென்றால் அந்த வரிக்கு இடம் ஹோமில் உள்ள, இதுவும் புள்ளியில் தொடங்கும், '.எக்ஸ்.டி' ஃபோல்டர்தான்.

அணைக்கும்போது ஓடுவது ஆப்டில் உள்ள 'ஷட்டவுன்' கோப்பு. இதில்தான் எனக்குக் கவலை. பென் டிரைவைச் செருக மறந்த இரவிலும் காப்பி கட்டளை ஒரு பிழையும் காட்டாமல் முடியலாம். பென் டிரைவ் இணைய வேண்டிய இடமும் ரேமில்தானே இருக்கிறது! கணக்கு அங்கே போய் விழும், அணைந்ததும் மறைந்துவிடும். ஆச்சி கேட்கும் கணக்கு இப்படிக்கூடப் போயிருக்கலாம். அதனால் முதலில் 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் பென் டிரைவ் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தால் மட்டும் காப்பி, பிறகு எழுதியதை முழுதாகப் பதிய 'சிங்க்', அதன்பின் பென் டிரைவைப் பிரிக்க 'யுமவுண்ட்'.

கரண்ட் சட்டென்று போனால் ஷட்டவுன் கோப்பு ஓடவே ஓடாது. தீபாவளி ஆர்டர் நேரத்தில் ஒரு நாள் கணக்கு போனால் அட்வான்ஸ் யார் கொடுத்தது, எத்தனை கிலோ மணகோலம் என்று யாரிடம் கேட்பது? காப்பி வரிகளைத் தனிக் கோப்பாக ஆப்டில் வைத்து, ஓடும் அனுமதி கொடுத்து, ஷட்டவுனிலிருந்து அதை அழையுங்கள். மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் அதே கோப்பைக் கையால் ஒருமுறை ஓட்டிவிட்டு, ஃபைல்டூலையும் ஓட்டுங்கள்.