டேட்டாபேஸ் தயார், வேர்ட்பிரஸ் மட்டும் நகர மறுக்கிறதா?

கேள்வி: சீபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸை நானே நிறுவுகிறேன். டேட்டாபேஸ் விவரம் கேட்ட இடத்தில் முதலில் சீபேனல் லாகினையே கொடுத்தேன். ‘எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்’ என்று வந்தது. தனியாக ஒரு யூசரை உருவாக்கிக் கொடுத்தால் இப்போது ‘கேன்னாட் செலக்ட் டேட்டாபேஸ்’ என்கிறது. டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் பார்த்தால் டேட்டாபேஸ் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: செய்தி மாறியிருக்கிறது அல்லவா, அதுவே பாதி விடை. முதல் செய்தி வந்தால் யூசர்நேம், பாஸ்வேர்ட், ஹோஸ்ட் மூன்றில் ஏதோ ஒன்று தவறு, அல்லது டேட்டாபேஸ் சர்வரே ஓடவில்லை. இரண்டாவது செய்தி வந்தால் யூசரும் பாஸ்வேர்டும் சரி, சர்வர் உங்களை உள்ளே விட்டுவிட்டது. நீங்கள் சொன்ன பெயரில் டேட்டாபேஸ் இல்லை, அல்லது இருந்தும் அந்த யூசருக்கு அதைத் தொட அனுமதி இல்லை.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் அனுமதியின் மேல்தான். சீபேனலில் டேட்டாபேஸ் உருவாக்குவது ஒரு வேலை, யூசர் உருவாக்குவது இன்னொரு வேலை, இரண்டையும் இணைப்பது மூன்றாவது வேலை. இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதே பக்கத்தில் கீழே ‘ஆட் யூசர் டு டேட்டாபேஸ்’ என்று இருக்கும். இரண்டு பெயரையும் தேர்ந்தெடுத்து, அடுத்த திரையில் ‘ஆல் பிரிவிலேஜஸ்’ பெட்டியில் டிக் போட்டுச் சேமியுங்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். சீபேனல் பொதுவாக உங்கள் கணக்கின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்துவிடும். கணக்கு ‘மலர்’, நீங்கள் தட்டியது ‘தளம்’ என்றால், உண்மையான பெயர் ‘மலர்_தளம்’. யூசர்நேமுக்கும் இதே கதைதான். கையால் தட்டாமல் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

பிஎச்பிமைஅட்மினில் டேட்டாபேஸ் தெரிவதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீபேனல் வழியாக அதைத் திறக்கும்போது நீங்கள் உருவாக்கிய யூசராக நுழைவதில்லை. சீபேனலே தன் அனுமதியில் உள்ளே கூட்டிப்போகிறது. எனவே உங்கள் யூசருக்கு உரிமை இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஹோஸ்ட் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ போதும். சில நிறுவனங்கள் டேட்டாபேஸைத் தனி சர்வரில் வைத்திருக்கும். அவர்கள் தரும் முகவரியைத்தான் போட வேண்டும். பாஸ்வேர்டை, இந்த விவரங்களை வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் கான்ஃபிக் கோப்பில் நேரடியாக எழுதுகிறீர்களா? அங்கே அது ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் நிற்கிறது. பாஸ்வேர்டிலேயே அப்படி ஒரு குறி இருந்தால் கோப்பே உடைந்துவிடும். அந்தக் குறியையும் பின்சாய்வுக் கோட்டையும் தவிர்த்து நீளமான பாஸ்வேர்டாக வையுங்கள்.

டேபிள் முன்னொட்டை, அதாவது வேர்ட்பிரஸ் தன் டேபிள் பெயர்களின் முன்னால் சேர்ப்பதை, அப்படியே விடலாம். ஒரே டேட்டாபேஸில் இரண்டு தளங்கள் வைத்தால்தான் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் அப்படி வைக்காமல் இருப்பதே நல்லது, பேக்கப் எடுக்கும் நாளில் தலைவலி.

தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் கேரக்டர் செட்டை, அதாவது டேட்டாபேஸ் எழுத்துகளைச் சேமிக்கும் முறையைக் கவனியுங்கள்: யுடிஎஃப்8எம்பி4 இருக்க வேண்டும். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.0-இல் இதுவே இயல்பு. அதற்கு முந்தைய பதிப்புகளில் லத்தீன்1 இருந்தது, அதில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பழைய யுடிஎஃப்8-இல் தமிழ் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் 3 பைட் போதும். 4 பைட் கேட்கும் எமோஜிதான் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் இன்னொன்று. பதிவின் முகவரிக்கு வேர்ட்பிரஸ் டேபிளில் 200 எழுத்து இடம்தான் உண்டு. தமிழ்த் தலைப்பு அங்கே சதவீதக் குறிகளோடு குறியாக்கமாகிச் சேர்வதால், ஒரு பைட்டுக்கு 3 இடம் வீதம் ஒவ்வொரு குறியீடும் 9 இடம் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. 22 குறியீடுகளோடு முகவரி அறுந்துவிடும். நீளமான தலைப்பு வைத்தால் முகவரியை மட்டும் நீங்களே சுருக்கி எழுதிவிடுங்கள்.