கொட்டிலடி: வாசகர் கேள்வி பதில்

மாசியில் கிளிநொச்சியிலிருந்து இறக்கிய வைக்கல் நிறையக் கிடக்கிறது. ஆனால் சித்திரையில் புல் கருகியதும் பால் பாதியாகிவிடுகிறது. பனையோலையும் கிழித்துப் போடுகிறேன். வைக்கலுக்கு யூரியா சேர்க்கச் சொல்கிறார்கள் சிலர். மாடு செத்துப்போகும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
— வாசகர், அச்சுவேலி

இரண்டும் சரிதான். பதப்படுத்திய வைக்கல் நல்ல தீன். கரைத்த யூரியாத் தண்ணீரை மாடு குடித்தால் நஞ்சு.

வைக்கலில் புரதம் சுமார் 4 வீதம்தான். இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய 7 வீதமாவது வேண்டும். அதனால்தான் வயிறு நிறைந்தும் பால் வற்றுகிறது. மூடிவைத்த வைக்கலுக்குள் யூரியா அமோனியாவாக மாறி, நாரின் இறுக்கத்தைத் தளர்த்திப் புரதத்தையும் கூட்டுகிறது.

25 கிலோ வைக்கலுக்கு 1 கிலோ யூரியா, 25 லீற்றர் தண்ணீர். கண்மதிப்பு வேண்டாம், ஒரு வைக்கல் கட்டு எத்தனை கிலோ என்று தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். யூரியா கரையும்போது வாளி குளிரும். குளிர்ந்ததும் எல்லாம் கரைந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். அடியில் ஒரு மணிகூட இல்லாதவரை கலக்குங்கள். மிஞ்சும் அந்த மணிகள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் ஆபத்து.

நிலத்தில் பொலித்தீன் விரித்து, ஒரு சாண் உயரத்துக்கு வைக்கலைப் பரப்பி, பூவாளியால் தெளித்து, ஏறி மிதியுங்கள். அடுத்த படை, அடுத்த தெளிப்பு, மறுபடி மிதி. காற்று வெளியேறினால்தான் பூஞ்சணம் பிடிக்காது. மேலே பொலித்தீனை மடித்து மூடி, ஓரம் முழுக்க மண் போட்டு அழுத்துங்கள். பழைய தறப்பாளால் மூடுபவர்கள்தான் கூடுதலாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஊசித் துளையும் போதும், அமோனியா போய்விடும்.

21 நாள் கழித்துத் திறந்தால் வைக்கல் கபில நிறமாகி, முறுக்கினால் மெத்தென்று வளையும். கண்ணைக் கரிக்கும் மணம் வரவேண்டும். மணமில்லாமல் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் அந்தப் பகுதியை எருக்கும்பிக்குப் போடுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, நிழலில் ஒரு மணித்தியாலமாவது உலரவிட்டுக் கொடுக்கவும். முதல் வாரம் சாதாரண வைக்கலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரைத்த வாளியை ஆடு மாடு எட்டாத இடத்தில் வைத்து, வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். யூரியாத் தண்ணீர் குடித்த மாடு ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே நடுங்கி, நுரை தள்ளி, வயிறு ஊதும். உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

இதோடு ஒரு நாள் வாடவிட்ட கிளிசரியாக் குழையும் (பச்சையாகப் போட்டால் மணத்துக்குத் தின்னாது), தேங்காய்ப் புண்ணாக்கும், கனியுப்பும் இருந்தால் வறட்சியைத் தாண்டலாம். ஓலையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பாலுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

பசு நேற்றுப் பின்னேரம் கன்று போட்டது. விடிந்தும் இளங்கொடி விழவில்லை. பக்கத்து வீட்டு ஐயா கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்.
— வாசகி, கரவெட்டி

கல் வேண்டவே வேண்டாம். பாரத்தில் கொடி இடையில் அறுந்து மிச்சம் உள்ளே அழுகும். சிலவேளை கருப்பையே வெளியே வந்துவிடும். கையாலும் இழுக்க வேண்டாம். கொடி கருப்பையோடு பல இடங்களில் பொத்தான் மாட்டியதுபோல் ஒட்டியிருக்கும். பிய்த்தால் இரத்தம் பெருகும்.

12 மணித்தியாலம் தாண்டிவிட்டதால் கால்நடை வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் வரும்வரை, தொங்குவதை அதிலேயே முடிச்சுப்போட்டு, மாடு மிதிக்காத உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்றை ஊட்டவிடுங்கள்; ஊட்டும்போது கருப்பை சுருங்கும். உடல்வெப்பம் 39.5 பாகைக்கு மேலே போனாலோ, தீன் மறுத்தாலோ, காத்திருக்கவே வேண்டாம்.

விழுந்த கொடியை உரப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் ஊர் வழக்கம். நாயும் காகமும் இழுக்காதபடி ஆழப் புதைப்பதே நல்லது. கொடியில் கருச்சிதைவு நோய்க் கிருமி இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மூன்று தரம் சினை ஊசி (செயற்கைச் சினைப்படுத்தல்) போட்டும் சினை நிற்கவில்லை. வீட்டில் நிற்பது ஒரே மாடு.
— வாசகர், சங்கானை

ஊசியைக் குறைசொல்ல முன் நேரத்தைப் பாருங்கள். காலையில் வேட்கை (மாடு சினைக்கு வருவது) அறிகுறி கண்டால் அன்று பின்னேரம் ஊசி. பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. முட்டை வெளிவருவது வேட்கை அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான்.

ஒற்றை மாட்டில், ஏறி நிற்க இன்னொரு மாடு இல்லாததால் வேட்கை தவறிப்போகும். பலவற்றுக்கு அது இரவில்தான் தொடங்குகிறது. விடியற்காலையும் படுக்கைக்குப் போகுமுன்னும் டோர்ச் அடித்து, மாடு படுத்திருக்கும் இடத்தில் வாலடியைப் பாருங்கள். முட்டை வெள்ளைபோல் தெளிவாக, நூலாக இழுபடும் சளி நிலத்தில் பளபளக்கும். சளி கலங்கியோ சீழாகவோ இருந்தால் ஊசி போடாமல் முதலில் மருந்து எடுங்கள்.

வாலில் இரத்தம் கண்டு ஊசிக்கு ஓடுபவர்கள் பலர். அது வேட்கை முடிந்து ஓரிரு நாளுக்குப் பிறகு வருவது. அன்றைக்குக் கலண்டரில் குறித்து, 18ஆம் நாளிலிருந்து கவனியுங்கள். நேரம் சரியாக இருந்தும் நிற்காவிட்டால் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். விலா எலும்பு எண்ணக்கூடிய மாடென்றால் முதலில் தீன்.

பட்டிப் பொங்கலன்று மிஞ்சிய புக்கையை ஒரு பெரிய சட்டி நிறையக் கொடுத்தோம். மறுநாள் புளித்த நாற்றத்தோடு தண்ணீராகக் கழிந்தது.
— வாசகி, வேலணை

மாச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிட்டது. கலியாண வீட்டு மிச்சச் சோறும் இதையே செய்யும். லேசானதென்றால் தவிட்டையும் புண்ணாக்கையும் நிறுத்தி, வைக்கல் மட்டும் போடுங்கள். 100 கிராம் அப்பச்சோடாவை ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கடைவாயால் மெல்ல ஊற்றலாம். தலையை உயர்த்திப் பிடிக்காதீர்கள். இருமினால் உடனே நிறுத்துங்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தள்ளாடினாலோ படுத்து எழும்பாவிட்டாலோ வாயில் ஒன்றும் ஊற்றாமல் வைத்தியரை அழையுங்கள். அடுத்த தைக்கு ஒரு கைப்பிடி புக்கை, ஒரு வாழைப்பழம் போதும்.