தப்பித்த குத்தில் விதை எடுத்தால் குலை நோய் போகுமா?

கோபி பக்கமிருந்து, கீழ்பவானிப் பாசனத்தில் நெல் வைக்கும் ஒருவர் கேட்கிறார்: மார்கழியில் ஆந்திரா பொன்னி ரக நெல்லுக்குப் பூஞ்சையால் வரும் கழுத்துக் குலை நோய் வந்து கதிரெல்லாம் வெளுத்து ஒடிந்துவிட்டது, நடுவில் பத்திருபது குத்து (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) மட்டும் மணி பிடித்து நிற்கிறது, அதில் விதை எடுத்து வருசா வருசம் போட்டால் நோய் தாங்கும் ரகம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காதுங்க. நெல் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, அதனால் ஒரே ரகம் நட்ட வயலில் எல்லாக் குத்தும் ஏறக்குறைய ஒரே ரத்தம். அந்தப் பத்திருபதும் நோயைத் தாங்கவில்லை, தப்பித்திருக்கின்றன. கதிர் நாலு நாள் முன்பின் வந்திருக்கும், இல்லையென்றால் யூரியா அங்கே கம்மியாக விழுந்திருக்கும். விதையில் வேற்று ரகம் கலந்திருந்தால், அல்லது அபூர்வமாக அயல் மகரந்தம் சேர்ந்திருந்தால் மட்டுமே அதில் ஏதாவது சரக்கு இருக்கும்.

அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு குத்து நெல்லையும் தனித்தனியாக வைத்திருந்து, பனிக்காலத்தில் வயலை விட்டுத் தள்ளி ஒரு பாத்தியில் குத்துக்கு ஒரு வரிசையாக நெருக்கி விதையுங்கள், இடையிலும் சுற்றிலும் பழைய பொன்னியையே போடுங்கள். நோய் வரட்டும் என்றே யூரியாவைத் தாராளமாகக் கொடுத்து, சாயங்காலமானால் இலை நனையத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு மாதத்துக்குள் பொன்னி இலையில் கண் மாதிரி புள்ளி விழ வேண்டும்: இரண்டு முனையும் கூர், நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. உங்கள் வரிசையிலும் அதே கண் விழுந்தால் மிச்ச நெல்லை அரிசியாக்கிச் சோறு பொங்கிவிடுங்கள். விழாவிட்டாலும் துள்ள வேண்டாம், இலையில் தாங்குவது கழுத்தில் கைவிடுவதுண்டு.

தாங்கும் ரகம் எப்படி வருகிறது என்று பாருங்கள். கோவையில் வந்த கோ 39 என்ற நெல் ரகம் இந்த நோய்க்குச் சுருண்டுவிடும். அதற்காகவே பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பிடித்து, எதிர்ப்பு மரபணுக்களைத் தனித்தனியாக ஏற்றி, எது இந்த நோய்ப் பூஞ்சையின் எந்த வகையை நிறுத்துகிறது என்று பார்த்தது. நம்மூர் நோஞ்சானுக்கு வந்த மவுசைப் பாருங்கள்! ஒரே மரபணுவை நம்பிய ரகத்தை, பூஞ்சை தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டே சில வருசத்தில் சாய்த்துவிடும். அதனால்தான் வியட்நாமின் டெடெப் நெல்லிலிருந்து ஒன்று, ஒரைசா மினுட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து ஒன்று என்று தேடி எடுத்து, இரண்டு மூன்றை ஒரே ரகத்தில் அடுக்கப் பார்க்கிறார்கள். இப்படி இனக்கலப்பு செய்ததை, பழைய குணம் போகாமலிருக்கத் தாய் ரகத்தோடே திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். நாற்று இலைத் துணுக்கிலேயே மரபணுவைப் பார்த்துக் கழிப்பதால் இப்போது வேலை சீக்கிரம் ஆகிறது. வயலில் விதை பொறுக்கி இந்த இடத்துக்கு வர முடியாது.

அப்புறம், 'மேம்படுத்திய சம்பா மசூரி' என்று கேள்விப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அது உங்கள் ஆந்திரா பொன்னியேதான், ஆனால் ஏற்றியிருப்பது பாக்டீரியா இலைக்கருகலுக்கான மரபணுக்கள், குலை நோய்க்கானவை அல்ல. பாதி நிலத்தில் கோ 51 ரகம் போடுங்கள் என்பேன்: குலை நோயை ஓரளவு தாங்கும், 105-110 நாள்தான். ஆகஸ்டில் வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு நாற்று விட்டால் 145 நாள் பொன்னி சரியாக மார்கழிப் பனியில் கதிர் தள்ளும், இது அதற்கு முன்பே தள்ளிவிடும். கார்த்திகை மழையில் மாட்டலாம், அது வேறு தலைவலி.