அரியர் இருந்தாலும் இரண்டாம் ஆண்டு போகலாம்

வணக்கம். பி.ஏ. வரலாறு முதலாண்டில் இரண்டு தாள் அரியர், இந்த செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் 68 சதவீதம், வருஷம் வீணாகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள், வீணாகாது.

சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அரியர் எத்தனை இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். ஆனால் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும்போது பழைய தாள்களையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 75க்கு 30 வேண்டும். இன்டர்னலும் சேர்த்து மொத்தத்தில் 100க்கு 40 வேண்டும். இன்டர்னல் மார்க் நன்றாக இருக்கிறது என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான்.

எனக்கு உங்கள் அட்டெண்டன்ஸ்தான் உறுத்துகிறது. 75 இருந்தால் பிரச்சினையே இல்லை. 65க்கு மேல் என்றால் காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத விடுவதற்கான கட்டணம்) கட்டி எழுதலாம். 65க்குக் கீழே இறங்கினால் இந்த முறை எழுத முடியாது, அடுத்த முறைதான். 50க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அந்த 65க்கும் உங்களுக்கும் மூன்று சதவீதம்தான் இடைவெளி, அதனால் இனி லீவே போடாதீர்கள். உடம்பு சரியில்லாமல் போன நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழை இப்போதே துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், உங்களுடையது தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதிகள் கொஞ்சம் மாறும். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.