பிரேக்கரைப் பூட்டினால் மில் நின்றுவிடுமா? லைனர் மாற்றும் வேலைக்குச் சில யோசனைகள்

கேள்வி: அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளில் ஷட்டவுன் வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்டிராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறேன். அடுத்த மாதம் 3.8 மீட்டர் விட்டமுள்ள சிமெண்ட் பால் மில் (உள்ளே இரும்புக் குண்டுகள் உருண்டு அரைக்கும் சுழல் உருளை) ஒன்றில் முதல் அறையின் லைனர் பிளேட் (உட்சுவரைத் தேயாமல் காக்கும் தகடு) முழுவதையும் மாற்ற வேண்டும். 12 பேர், 6 நாள். போன தடவை வேறோர் ஆலையில் இதே வேலையில் எங்கள் பையன் ஒருவனின் கால்விரல் பிளேட்டுக்கு அடியில் மாட்டி நசுங்கியது. மில்லை ஓட்டிய மூன்றாம் நாளே போல்ட் தளர்ந்து தூசி கொட்டியது, பழி எங்கள் மேல் விழுந்தது. இந்த முறை எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: விரலுக்கும் போல்ட்டுக்கும் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்வது அதுதான்.

மில்லுக்குள் இறங்குகிற எல்லோரும் மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் மெயின் மோட்டாரின் பிரேக்கரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) வெளியே இழுத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் மில் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். லைனரைப் பாதி கழற்றிய மில் சுற்றுவதற்கு மோட்டாரே வேண்டாம். அதன் எடையே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிமெண்ட் மில்களின் ஷெல்லில் (வெளி உருளையில்) போல்ட் துளைகள் பெரும்பாலும் டின் 24111 என்ற ஜெர்மன் தரப்படி இருக்கும். சுற்றளவில் துளைக்குத் துளை 314 மில்லிமீட்டர், நீளவாக்கில் 250. இதில் ஒரு வசதி உண்டு. 314 என்பது பை மதிப்பிலிருந்து வந்த எண் என்பதால், ஷெல்லின் உள்விட்டத்தை மீட்டரில் எடுத்துப் பத்தால் பெருக்கினால் ஒரு வளையத்துக்கு எத்தனை பிளேட் என்று கிடைத்துவிடும். உங்கள் 3.8 மீட்டர் மில்லுக்கு 38. அறையின் நீளம் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 16 வளையம், மொத்தம் 608 பிளேட். சராசரியாக 70 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேட் ஒன்று 42 கிலோ வரும். ஆக, நீங்கள் கையாளப்போவது 25 டன்.

இப்போது நீளவாக்கில் அடுத்தடுத்து 5 வரிசையைக் கழற்றுகிறீர்கள். 80 பிளேட், ஏறக்குறைய 3.3 டன். கழற்றுவது எங்கே? கைக்கு எட்டும் இடத்தில், அதாவது காலடியில். அப்படியானால் இலேசான பக்கம் கீழே, கனமான பக்கம் தலைக்கு மேல். தலைகீழாக நிறுத்திய ஊசல் மாதிரி. நேர் நிலையில் இருக்கும்வரை சாது. கொஞ்சம் சரிந்தால் சரியச் சரிய விசை கூடிக்கொண்டே போகும். வெறுமையான பகுதி பக்கவாட்டுக்கு வரும்போது 6 டன்-மீட்டர் திருகுவிசை. ஒரு மீட்டர் கடப்பாரையின் நுனியில் 60 கிலோ ஆட்கள் நூறு பேர் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேட் தேய்ந்து எடை குறைந்திருக்கும் என்றாலும் கதை மாறாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கண்ணால் பார்த்தேன். எல்லாப் பூட்டும் போட்டிருந்தது, பர்மிட்டில் எல்லாக் கையெழுத்தும் இருந்தது. டீ நேரத்தில் ஆட்கள் வெளியே வந்து நின்றிருந்தோம். மில் மெதுவாக, சத்தமே இல்லாமல், அரைச் சுற்றுச் சுற்றி ஆடி நின்றது. உள்ளே வைத்திருந்த ஏணி நெளிந்துபோயிருந்தது. டீ பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றைக்கு யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

அது ஏன் சுற்றியது? இரண்டு காரணம். ஒன்று, பேரிங்கின் உயர் அழுத்த ஆயில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த பம்ப் மில்லை ஆயில் படலத்தின் மேல் தூக்கி வைக்கிறது. உராய்வு கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது அந்த பம்ப்பை நிறுத்திப் பூட்டுங்கள், மில்லைத் திருப்பும் முன் மட்டும் ஓட்டுங்கள். இரண்டாவது, பிரேக். இன்ச்சிங் டிரைவில் (மில்லை மெதுவாகத் திருப்பும் துணை மோட்டார் அமைப்பில்) இருக்கும் பிரேக் கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் மில்லைப் பிடிக்கிறது. கிளட்சை விலக்கிவிட்டால் பிரேக் தன் மோட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் கிளட்ச் கூடியே இருக்க வேண்டும், பிரேக் பிடித்திருக்க வேண்டும், அதற்கும் மேலே ஷெல்லையும் அஸ்திவாரத்தையும் நேராக இணைக்கும் இரும்புப் பூட்டு வேண்டும். மில் தயாரிப்பாளர் அதற்கென்று இடம் கொடுத்திருப்பார். கொடுக்கவில்லை என்றால் ஆலையின் மெக்கானிக்கல் பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். கியர் பல்லுக்கு இடையில் மரக்கட்டை சொருகுவதெல்லாம் பூட்டு ஆகாது.

எடை ஒரு பக்கம் சேராமல் இருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. முழு அறையையும் கழற்றிப் போட்டுவிட்டு அப்புறம் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கைந்து வரிசை கழற்றுங்கள், அதே இடத்தில் புதியதை மாட்டி இறுக்குங்கள், பிறகு திருப்புங்கள். அடுத்து பக்கத்து வரிசைக்குப் போகாமல் நேர் எதிர்ப்பக்கம் போங்கள். புதிய பிளேட் பழையதைவிடக் கனம் என்பதால் ஒரே பக்கமாக மாட்டிக்கொண்டே போனாலும் சமநிலை கெடும். ஒரே நேரத்தில் எவ்வளவு எடை வித்தியாசம் தாங்கும் என்பது மில்லின் மேனுவலில் இருக்கும். அதை வாங்கிப் படித்துவிட்டு வரிசையின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

திருப்பும் நேரம்தான் இந்த வேலையின் கெட்ட நேரம். 38 வரிசையை ஐந்தைந்தாக மாற்றினால் குறைந்தது எட்டுத் திருப்பு. ஒவ்வொரு முறையும் பூட்டைக் கழற்றி, ஆயில் பம்ப் போட்டு, திருப்பி, மறுபடி பூட்ட வேண்டும். முதல் இரண்டு முறை எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள். ஆறாவது முறை, விடியற்காலை மூன்று மணிக்கு, "உள்ளே யாரும் இல்லண்ணே, சுத்துங்க" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலை நம்பாதீர்கள். ஆளுக்கொரு பூட்டு, பூட்டில் அவரவர் பெயர். பன்னிரண்டு பூட்டும் அவரவர் கையாலேயே கழன்ற பிறகுதான் திருப்புவது. மேன்ஹோல் வாசலில் பெயர் எழுதிப் பார்க்க ஓர் ஆள் நிரந்தரமாக இருக்கட்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். லைட் ஒயர், வெல்டிங் கேபிள், கேஸ் ஹோஸ், ஏணி எல்லாம் வெளியே வர வேண்டும்.

பூட்ட வேண்டிய மற்றவை: இன்ச்சிங் மோட்டார், வே ஃபீடர், எலிவேட்டர், மில் ஃபேன், தண்ணீர் ஸ்பிரே, சூடான காற்று வரும் டேம்பர். எல்லோரும் மறப்பது செபரேட்டரிலிருந்து (சரியாக அரையாததைப் பிரித்து மில்லுக்கே அனுப்பும் கருவி) திரும்பி வரும் பாதையை. அதிலும் இன்லெட் சூட்டிலும் (மெட்டீரியல் உள்ளே இறங்கும் சரிவுக் குழாய்) ஒட்டி நிற்கும் மெட்டீரியல் எப்போது வேண்டுமானாலும் சரியும். முதல் அறை வேலை என்பதால் உங்கள் ஆட்கள் நிற்பது அதற்கு நேர் கீழேதான். சுத்தம் செய்து, தகடு போட்டு அடைத்துவிடுங்கள்.

சூடு இருக்கும்போது அவசரப்பட வேண்டாம். நிறுத்திய மில்லை ஒரே நிலையில் ஆறவிட்டால் ஷெல் வளைந்துவிடும் என்பதால் இன்ச்சிங்கில் அவ்வப்போது திருப்பித்தான் ஆறவிடுவார்கள். அது முடியட்டும். இறங்கும் முன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள், பிறகும் பார்த்துக்கொண்டே இருங்கள். இது மூடிய அறை வேலை. தகுந்த பாதுகாப்புக் கருவி இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேல் கைவிளக்கு கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 36ஏ பிரிவில் எழுதி வைத்தது. கேஸ் சிலிண்டர் வெளியே நிற்கட்டும். சாப்பாட்டுக்குப் போகும்போது ஹோஸையும் வெளியே இழுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளேயே தேங்கும்.

அப்புறம், குண்டு. (ஆலையில் 'பால்' என்றுதான் சொல்வோம். டீ சொல்லும்போது குழம்பாமல் இருக்க இங்கே குண்டு என்கிறேன்.) 50 டன்னுக்கு மேல் கொட்டி வெளியேற்றிய பிறகும் டயாபிரத்தின் (அறைகளைப் பிரிக்கும் தடுப்பின்) இடுக்கிலும் பிளேட்டுகளின் சந்திலும் சில மாட்டிக்கொண்டு நிற்கும். 90 மில்லிமீட்டர் குண்டு ஒன்று 3 கிலோ. மூன்று மீட்டர் விழுந்தால் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம். அதற்கு எந்த ஹெல்மெட்டும் முழு உத்தரவாதம் இல்லை. காலி செய்ததும் ஆள் இல்லாமல் மில்லை இரண்டு முழுச் சுற்றுத் திருப்புங்கள். பிறகு வாசலில் நின்று நீளமான கம்பியால் மேலே தட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கழற்றும்போது ஷெல்லுக்கு வெளியே நட்டை வெட்டுகிறவரும் உள்ளே நிற்கிறவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. வெளியே தட்டினால் உள்ளே பிளேட் ஆடும். வாக்கிடாக்கி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். தலைக்கு மேலோ தோளுக்கு மேலோ உள்ள பிளேட்டின் நட்டை எந்தச் சூழ்நிலையிலும் தொடக்கூடாது. போல்ட் இல்லாமல் வளைவிலேயே நிற்கும் லைனராக இருந்தால் இன்னும் கவனம். அங்கே ஒரு வளையம் முழுதாக மூடும்வரை எதுவும் தானாக நிற்காது. ஸ்க்ரூ ஜாக்கி முட்டுக் கொடுக்காமல் திருப்பினால் மொத்தமும் விழும்.

சம்மட்டி விஷயத்தில் உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். பழைய மாங்கனீஸ் பிளேட்டை எவ்வளவு அடித்தாலும் தாங்கும். இப்போது பெரும்பாலும் வருவது ஹை குரோம் (குரோமியம் அதிகம் சேர்த்த வார்ப்பு). கடினம் அதிகம், ஆனால் கண்ணாடி குணம். சம்மட்டியால் அடித்தால் விளிம்பு தெறித்துக் கண்ணுக்கு வரும். ரப்பர் அல்லது செம்புச் சுத்தியல் போதும். அதை கேஸ் கட்டரால் வெட்டவும் முயல வேண்டாம். சரியாக வெட்டாது, குரோமியப் புகை மட்டும் வரும். வெட்ட வேண்டியது போல்ட்டை.

இனி, அந்தப் பையனின் விரல். 42 கிலோவை ஒருவர் தூக்கி வளைந்த தரையில் நடந்தால் விரல் போகாமல் என்ன செய்யும்? பிளேட்டின் போல்ட் துளையிலேயே கண்போல்ட் மாட்டலாம். மேன்ஹோல் வழியாக உருளைப் பாதையில் தள்ளி, உள்ளே சின்ன செயின் பிளாக்கில் பிடித்து இறக்கலாம். உட்கார்த்தும்போது விரல் போகிற இடத்தில் கம்பி போகட்டும். வெளியிலிருந்து துளை வழியாக வழிகாட்டிக் கம்பி ஒன்றை நீட்டினால் பிளேட் அதன்மேல் தானாக வந்து உட்காரும். புறங்காலையும் மூடும் ஷூ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். வெறும் முனைக்கவசம் பிளேட்டின் விளிம்புக்குப் போதாது.

மாட்டும் முன் ஷெல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். போன தடவை உங்கள் போல்ட் ஏன் தளர்ந்தது என்பதற்கு என் ஊகம் இங்கேதான் இருக்கிறது. ஷெல்லில் ஒட்டிய சிமெண்ட் பொருக்கின் மேல் பிளேட்டை வைத்து இறுக்கினால் டார்க் ரெஞ்ச் சரியாகத்தான் காட்டும். மில் ஓட ஓட அந்தப் பொருக்கு பொடியாகும். அரை மில்லிமீட்டர் இடைவெளி வந்தாலும் போல்ட்டின் இழுவிசை போய்விடும். பிளேட் ஆடும், போல்ட் தளரும், தூசி வரும், கடைசியில் போல்ட் உடையும். சுத்தம் செய்யும்போதே துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்துவிடுங்கள். இருந்தால் ஆலைக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் பிறகு அதுவும் உங்கள் தலையில் விழும்.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை: தயாரிப்பாளரின் வரைபடத்தில் உள்ளபடி ரப்பர் ஷீட், பிளேட்டில் வார்த்திருக்கும் அம்புக்குறி மில் சுற்றும் திசைக்குச் சரியாக இருக்கிறதா என்ற சோதனை, பிளேட்டுகளுக்கு இடையில் சொன்ன இடைவெளி. மாங்கனீஸ் பிளேட் என்றால் இடைவெளியைக் குறைக்கவே கூடாது, அடி வாங்க வாங்க அது பரந்து பக்கத்துப் பிளேட்டை நெருக்கும். போல்ட்டும் ரப்பர் வாஷரும் புதியதாகவே இருக்கட்டும். இறுக்கும்போது உள்ளே ஒருவர் செம்புச் சுத்தியலால் போல்ட்டின் தலையைத் தட்டி உட்காரவைக்க, வெளியே ஒருவர் இறுக்க வேண்டும். பிறகு நட்டின் மேலும் ஷெல்லின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு. கோடு விலகியிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

எவ்வளவு நன்றாக மாட்டினாலும் முதல் இறுக்கு நிற்காது. ரப்பரும் போல்ட் தலையும் ஓட்டத்தில்தான் முழுதாக உட்காரும். தயாரிப்பாளர் வேறு நேரம் சொல்லாவிட்டால் நான் 8 மணி நேரம், 24 மணி நேரம், 72 மணி நேரம் ஓடிய பிறகு மறு இறுக்கு வைப்பேன். ஒவ்வொன்றுக்கும் மில்லை நிறுத்தி, முழுதாகப் பூட்டித்தான். வெளியே நின்று செய்யும் வேலைதானே என்று பூட்டாமல் ஏறக்கூடாது. குண்டை மட்டும் போட்டு மெட்டீரியல் இல்லாமல் மில்லை ஓட்டவும் விடாதீர்கள், புதிய ஹை குரோம் பிளேட் அதிலேயே விரிசல் விடும்.

உங்கள் 6 நாள் கணக்கில் அந்த 72-வது மணி நேரம் இல்லை. மூன்றாம் நாள் போல்ட் தளரும்போது நீங்கள் அடுத்த ஊரில் வேறு வேலையில் இருப்பீர்கள். ஒர்க் ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் மூன்று மறு இறுக்கையும், அதற்கு நான்கு ஆட்கள் தங்கும் கூலியையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஆலைக்காரர் அவர்கள் ஆட்களை வைத்தே இறுக்கிக்கொள்கிறோம் என்றால் அதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.