'காந்தி' படத்தை எட்டாவது படிக்கும் பிள்ளைக்குக் காட்டலாமா? மூன்று மணி நேரம் உட்காருவார்களா?

தாராளமாகக் காட்டுங்கள். என் மகளும் எட்டாவது படிக்கும்போதுதான் பார்த்தாள். 191 நிமிடம் தாங்குவாளா என்று நானும் உங்களைப் போலவே பயந்தேன். முதல் ஒரு மணி நேரம் நெளிந்தாள், மறைக்கவில்லை. உப்புச் சத்தியாகிரகத்தின்போது குஜராத்தில் நடந்த தராசனா உப்பளக் காட்சி வந்ததும் அசையவில்லை. தொண்டர்கள் வரிசையாக நடந்து போகிறார்கள், போலீஸ் தடி மண்டையில் இறங்குகிறது, விழுந்தவர்களைப் பெண்கள் தூக்கிப்போய்க் கட்டுப் போடுகிறார்கள், அடுத்த வரிசை கிளம்புகிறது. "கையைத் தூக்கித் தடுக்கக்கூட மாட்டாங்களாப்பா?" என்றாள். 1930 மே மாதம் நிஜமாகவே இப்படித்தான் நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

அம்பேத்கர் எங்கே, சுபாஷ் எங்கே என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஒருவரின் முழு வாழ்க்கையையும் ஒரே படத்தில் சொல்லிவிட முடியாது என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்காகப் படத்தையே ஒதுக்க என்னால் முடியாது.

ஆனால் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். படத்தில் காந்தி, ஆற்றில் நிற்கும் ஏழைப் பெண்ணுக்காகத் தன் துணியைத் தண்ணீரில் மிதக்கவிடுவார். அருமையான காட்சி. ஆனால் அவர் அரையாடைக்கு மாறியது எங்கள் மதுரையில், 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீட்டு மாடியில். கதர் வாங்க வசதியில்லை என்று ரயிலில் ஏழைகள் சொன்னது அவரை உறுத்தியிருந்தது. அந்தக் கோலத்தில் முதலில் மக்கள் முன் வந்த இடத்துக்கு இன்றும் காந்தி பொட்டல் என்றுதான் பெயர். இதைத்தான் என் மகள் காந்தி ஜெயந்தி பேச்சுப் போட்டியில் சொன்னாள். நடுவராக வந்தவர், "சினிமாவில் ஆற்றங்கரையில் அல்லவா காட்டினார்கள்" என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்! மதுரையிலேயே இருந்துகொண்டு! பரிசு போனதற்காகச் சொல்லவில்லை. பிள்ளை சரியாகச் சொன்னதைத் தப்பு என்று பத்துப் பேர் முன்னால் சொன்னதை எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறே காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்றாள். "படத்துல முதல்லயே வருமே, அதுதானேப்பா?" என்றாள்.

ஒரே மூச்சில் போடாமல் இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டுங்கள்.