கப்பிலேயே புகைந்த ரெசின்

கேள்வி: ரெசின் ஆர்ட் செய்கிறேன். மேஜைப் பலகை ஒன்றுக்காக ஒரு லிட்டர் எபாக்சி ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் ஒரே பிளாஸ்டிக் கப்பில் கலந்து வைத்துவிட்டு, அச்சைத் துடைக்கப் போனேன். திரும்புவதற்குள் புகை கிளம்பி, கப் உருகி, உள்ளே மஞ்சளாகப் பாறை மாதிரி இறுகிவிட்டது. சின்னக் கப்பில் அரை மணி நேரம் தாங்குமே, இது போலி ஹார்டனரா?
– வாசகி, கோவை

பதில்: ஹார்டனரைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சூடு வரும். பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வேகம் கூடக்கூட இன்னும் சூடு. போதாக்குறைக்கு எபாக்சி மூலக்கூறில் இருக்கும் வளையம் திறக்கும்போது உண்டாகும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் மிச்ச வினையை விரட்டும் ஊக்கியாகின்றன. தானே விறகு வெட்டித் தானே அடுப்பில் போட்டுக்கொள்கிற ஆசாமி! சின்னக் கப்பில் சூடு சுவர் வழியாக ஓடிவிடும், ஒரு லிட்டரின் நடுவில் இருப்பது எங்கே போகும்? அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்ததும் அகலமான அச்சில் மெல்லிசாக ஊற்றிவிடுங்கள்.

2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் நடந்ததும் இந்த வகைதான். ஆலைத் தொட்டியில் இருந்த ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருள் திரவம் சூடேறித் தானாகவே பாலிமராக (நீண்ட சங்கிலி மூலக்கூறாக) மாறத் தொடங்க, அந்தச் சூட்டில் கிளம்பிய ஆவி ஊருக்குள் பரவிப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஸ்டைரீனைக் குளிர்ச்சியாக, இந்த வினையை அடக்கும் தடுப்பான் கலந்து வைப்பது இதற்காகத்தான்.

கேள்வி: பழைய பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில் வாங்கி விற்கிறேன். மூட்டையில் நாலு பிவிசி துண்டு இருந்தால்கூட ஆலையில் லோடைத் திருப்பி அனுப்புகிறார்களே, இது நியாயமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் அவர்கள் பக்கம்தான் நியாயம். பெட் உருக 260 டிகிரி வேண்டும், பிவிசி அதற்கு ரொம்ப முன்பே ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை வெளியே விட ஆரம்பித்துவிடும். வெளியேறிய அமிலமே அடுத்த மூலக்கூறையும் அவிழ்க்கும், அப்புறம் நிற்காது. பிவிசி பழுப்பாகிக் கரும்புள்ளியாகும், அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் வெட்டிவிடும். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்றால் இரண்டுமே மூழ்குகிற சாதி.

சந்தேகத் துண்டு கிடைத்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன்மேல் லேசாக அழுத்தி, ஒட்டியதோடு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் பிவிசிதான். வெளியில், காற்றோட்டமாக நின்று செய்யுங்கள், புகையை மோந்து பார்க்க வேண்டாம்.